பத்துக்குப் பன்னிரண்டு அறைக்கு எத்தனை டன்?

"ரூம் எத்தனைக்கு எத்தனைண்ணே?"

"பத்துக்குப் பன்னெண்டு."

"கீழயா, மாடியா?"

"மாடி."

"அப்ப ஒன்றரை டன்னாப் போட்டுக்கங்க. கத்திரி வெயில்லயும் கிண்ணுனு இருக்கும்."

சித்திரை, வைகாசியில் மதுரை ஏ.சி. கடைகளில் நடக்கிற பேச்சு பெரும்பாலும் இவ்வளவுதான். இரண்டு கேள்வியில் முப்பது நாற்பதாயிரம் ரூபாய்ச் சாமானின் அளவு முடிவாகிவிடுகிறது. கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்ல வரவில்லை. டன்னைக் குறைத்துக் கொடுத்து, மே மாதம் "குளிரவே இல்லை" என்று ஆள் வந்து நிற்பதைவிட, கூட்டிக் கொடுத்துவிட்டால் அவருக்கு நிம்மதி. கூட்டிப் போட்டதன் தொல்லை ஐப்பசி மழையில்தான் தெரியும். அப்போது யாரும் கடைக்குப் போய்க் கேட்பதில்லை. இந்த ஏ.சி. வாகு இப்படித்தான் போல என்று இருந்துவிடுவார்கள்.

அந்த இரண்டு கேள்வியில் உருப்படியானது இரண்டாவதுதான். அதையே இன்னும் ஆறேழு கேள்வியாக நீட்டினால் சரியான அளவு கிடைத்துவிடும். ஒரு இன்ச் டேப், ஒரு தாள், அரை மணி நேரம் போதும்.

முதலில் டன். ஏ.சி.யின் எடைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஐஸ் கட்டியின் எடையிலிருந்து வந்த பெயர். ஒரு அமெரிக்க டன், அதாவது 2,000 பவுண்டு ஐஸ், 24 மணி நேரத்தில் முழுக்க உருகும்போது எந்த வேகத்தில் சூட்டை உறிஞ்சுமோ அதுதான் ஒரு டன். கிலோவில் 907. ஐம்பது கிலோ ஐஸ் பார் பதினெட்டை அறைக்குள் அடுக்கி, ஒரே நாளில் உருகவிட்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். மணிக்கு 12,000 பி.டி.யூ. (சூட்டை அளக்கும் ஆங்கிலேய அலகு) என்று சொல்வதும் 3,517 வாட் என்று சொல்வதும் இதே அளவைத்தான்.

கணக்கை வாட்டில் போடுவது நல்லது. நட்சத்திர ஸ்டிக்கரில் அந்த ஏ.சி.யின் உண்மையான குளிர்விக்கும் திறன் வாட்டில்தான் அச்சாகியிருக்கும். பெட்டியில் "ஒன்றரை டன்" என்று இருக்கிற இரண்டு ஏ.சி.யில் ஒன்றின் ஸ்டிக்கரில் 4,800 என்றும் இன்னொன்றில் 5,200 என்றும் இருக்கலாம். ஒரு டன் என்று விற்பது பெரும்பாலும் 3,300க்கும் 3,600க்கும் நடுவில். இந்த வாட், ஏ.சி. இழுக்கிற கரண்ட் இல்லை. அறையிலிருந்து அது வெளியே தள்ளுகிற சூடு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் அதிகம். 3,500 வாட் சூட்டை வெளியே தள்ள நல்ல இன்வெர்ட்டர் ஏ.சி. (வேலைக்கு ஏற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் ரகம்) ஒன்று 1,000 வாட் அக்கம்பக்கம்தான் கரண்ட் எடுக்கும்.

இனி வரும் எண்கள் எல்லாம் கத்திரி மாதத்து மாலை 5 மணிக்கு, அறைக்குள் 25 டிகிரி வேண்டும் என்று வைத்துப் போட்ட கைக்கணக்கு. பத்துப் பதினைந்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும். ஏ.சி. வாங்க அந்தத் துல்லியம் போதும்.

தலைக்கு மேலே

சித்திரை பிறக்கிற வாரத்தில் மதுரையில் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். உச்சிப்பொழுதில் நிழல் காலடிக்குள்ளேயே விழும். ஆகஸ்ட் கடைசி வாரத்தில் திரும்பி வரும்போது இன்னொரு முறை அப்படி நிற்கும். நடுவில் உள்ள நாலு மாதமும் உச்சியை விட்டு அதிகம் விலகுவதில்லை. ஆகவே வெயிலை வாங்குவதில் மொட்டை மாடிக்குப் பக்கத்தில் எந்தச் சுவரும் வர முடியாது.

காற்று 39, 40 டிகிரி இருக்கிற மதியத்தில், அழுக்கேறிய தட்டோட்டுத் தளத்தின் மேல்பரப்பு 60 டிகிரியைத் தொடும். அந்தச் சூடு தட்டோட்டையும், அதன் கீழே உள்ள செங்கல் ஜல்லி சுண்ணாம்பையும், ஐந்து இன்ச் காங்கிரீட்டையும் கடந்து இறங்க நாலைந்து மணி நேரம் ஆகும். மதியம் ஒரு மணி வெயில் சாயந்திரம் ஆறு மணிக்குத்தான் உள்ளே வந்து சேர்கிறது. ராத்திரி பத்து மணிக்கு ஸ்டூல் போட்டு ஏறி சீலிங்கைத் தொட்டுப் பாருங்கள். வெளியே காற்று குளிர்ந்திருக்கும். சீலிங் மட்டும் காய்ச்சல்காரன் நெற்றி மாதிரி இருக்கும். ஃபேன் போட்டால் அனல் இறங்குகிறது என்று சொல்வது இதைத்தான்.

கூரையின் ஒவ்வொரு சதுர அடியும் எத்தனை வாட் இறக்குகிறது என்பது மேலே என்ன போட்டிருக்கிறது என்பதைப் பொறுத்தது. தட்டோடு போடாத வெறும் காங்கிரீட் தளம் என்றால் 10 வாட். ஜல்லி சுண்ணாம்பும் தட்டோடும் போட்டிருந்தால் ஐந்தரை. அதன்மேல் வெள்ளை அடித்திருந்தால், அது வெள்ளையாகவே இருக்கும் வரைக்கும், மூன்று. மேலே ஏ.சி. இல்லாத இன்னொரு வீடு இருந்தால் ஒன்றரை. சிமெண்ட் ஷீட்டோ தகரமோ போட்ட மாடி அறை என்றால் 15க்குக் குறையாது. ஆனால் ஷீட்டில் ஒரு வசதி: சூட்டைப் பிடித்து வைத்துக்கொள்ள அதில் கனம் கிடையாது. சூரியன் இறங்கின அரை மணியில் ஆறிவிடும். பகலில் உட்காரவே முடியாத ஷீட் அறை ராத்திரி ஒன்பது மணிக்கு, தட்டோடு போட்ட மாடி அறையைவிடச் சுகமாக இருப்பது இதனால்தான். ராத்திரி தூங்குவதற்கு மட்டும் என்றால் ஷீட் அறைக்குப் பகல் கணக்கைப் போட்டு இரண்டு டன் வாங்கத் தேவையில்லை.

மாசி வீதிகள் பக்கம் இன்னும் நிற்கிற கட்டைகுத்து மெத்தை வீடுகள் தனி ரகம். தேக்குக் கட்டைகளுக்கு மேல் செங்கலைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய கூரை. கனம் அதிகம், சூடு மெதுவாகத்தான் இறங்கும். தட்டோட்டுக் காங்கிரீட்டைவிடக் குறைவாகவே போடலாம். "பன்னிரண்டு அடி உயரம், டன் கூட வேணும்" என்று அந்த வீட்டுக்காரர்களைப் பயமுறுத்துவார்கள். உயரம் கூடினால் சுவர்ப் பரப்பு கூடுகிறது, அதைக் கணக்கில் சேர்த்தால் சரி. குளிர்ந்த காற்று கீழேதான் தங்கும், சூடு மேலே நிற்கும். சீலிங் தள்ளி இருப்பது அங்கே உங்களுக்கு நன்மைதான்.

மேற்கு ஜன்னல்

கூரைக்கு அடுத்தது மேற்கே பார்த்த கண்ணாடி. நேரடி வெயில் விழுகிற சாதாரணக் கண்ணாடி, சதுர அடிக்கு 50 வாட் உள்ளே விடும். நாலுக்கு நாலு ஜன்னல் ஒன்றே 800 வாட். ஒரு சின்ன இஸ்திரிப் பெட்டியை ஆன் செய்து அறைக்குள் வைத்த மாதிரி.

"சன்ஷேடு இருக்கே" என்பார்கள். மே மாதம் மாலை 4 மணிக்கு மதுரையில் சூரியன் அடிவானத்திலிருந்து சுமார் 35 டிகிரி உயரத்தில் இருக்கும். இரண்டடி நீட்டிய சன்ஷேடு அப்போது மேற்குச் சுவரில் ஒன்றரை அடிக்கும் குறைவாகத்தான் நிழல் போடும். 5 மணிக்குச் சூரியன் 20 டிகிரிக்கு இறங்கிவிடும். நிழல் முக்கால் அடி. நாலடி ஜன்னலில் மூன்றே கால் அடி வெயிலில்தான் கிடக்கும். மேற்குப் பக்கம் சன்ஷேடு மழைச் சாரலுக்கு மட்டுமே.

உள்ளே கனமான திரை போட்டால் 50 என்பது 32 ஆகும். அதற்கு மேல் குறையாது. காரணம், வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகு திரை சூடாகி அறைக்குள்ளேயே விடுகிறது. அதே ஜன்னலுக்கு வெளியே மூங்கில் தட்டியோ, கோரைப் பாயோ, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளித் தொங்கவிட்டால் 15க்கு இறங்கும். சில நூறு ரூபாய்த் தட்டி, நாலுக்கு நாலு ஜன்னலில் 270 வாட்டை மிச்சப்படுத்துகிறது. கறுப்பு ஃபிலிம் ஒட்டுவது இரண்டுக்கும் நடுவில். அறை இருட்டாவதுதான் அதில் உடனே தெரியும் மாற்றம்.

சுவர்களில் மேற்குச் சுவர் சதுர அடிக்கு 4 வாட். வெயில் பார்க்கிற மற்ற வெளிச்சுவர்கள் இரண்டரையிலிருந்து மூன்று. இதெல்லாம் ஒன்பது இன்ச் செங்கல் சுவருக்கு; நாலரை இன்ச் சுவர் என்றால் ஒன்றரை மடங்கு போடுங்கள். கத்திரி மாதத்தில் சூரியன் மதுரைக்கு வடக்கே நிற்பதால் அப்போது வெயில் படுவது வடக்குச் சுவரில். தெற்குச் சுவர் நிழலில் இருக்கும். தெற்கே பார்த்த அறை கொதிக்கும் என்று பொதுவாக நம்புவது மார்கழி, தை மாதங்களுக்குத்தான் பொருந்தும். ஒன்பது இன்ச் சுவரில் சூடு கடக்க ஆறேழு மணி நேரம் ஆகும் என்பதால், மாலை 4 மணிக்கு மேற்குச் சுவர் வாங்கிய வெயில் உங்கள் கட்டிலுக்கு வந்து சேர்வது ராத்திரி பத்து, பதினொரு மணிக்கு. கட்டிலின் தலைமாட்டை மேற்குச் சுவரில் ஒட்டிப் போடாமல் இருந்தாலே பாதித் தொல்லை குறையும்.

உள்சுவர்களை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஏ.சி. இல்லாத ஹால் 33, 34 டிகிரியில் இருக்கும்போது அந்தப் பக்கச் சுவரும் சதுர அடிக்கு ஒன்றரை வாட் தருகிறது. பரப்பு பெரிது என்பதால் கூட்டினால் கணிசமாக வரும்.

காற்றோடு வரும் ஈரம்

கதவிடுக்கு, ஜன்னல் சட்டம், வென்டிலேட்டர், பரணுக்கு மேலே உள்ள ஓட்டை என்று எல்லா வழியிலும் காற்று புகும். சுமாராக மூடிய அறையில் ஒரு மணி நேரத்தில் அறைக்காற்று முழுக்க ஒருமுறை மாறும் என்று வைக்கலாம். பத்துக்குப் பன்னிரண்டு, பத்தடி உயரம் என்றால் 1,200 கன அடி. கத்திரியில் இது 280 வாட் ஆகும். அதில் 150 சூடு, மீதி ஈரம். ஐப்பசி மழையில் வெளியே காற்று 27, 28 டிகிரிதான் இருக்கும், ஆனால் ஈரத்தில் ஊறியிருக்கும். அதே அளவு காற்று அப்போதும் 300 வாட் கொண்டுவரும், ஆனால் முக்கால்வாசிக்கு மேல் ஈரம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே தேவைப்படும்.

கண்ணாடி பதிக்காத பழைய வென்டிலேட்டர் திறந்திருந்தால் மணிக்கு ஒருமுறை என்பது மூன்று முறையாகிவிடும். அப்படிப்பட்ட அறையில் டன்னைக் கூட்டுவது ஓட்டைக் குடத்துக்குப் பெரிய மோட்டார் வாங்குகிற வேலை.

ஆள் ஒருவருக்கு 110 வாட். பழைய சீலிங் ஃபேன் 75, குறைந்த கரண்டில் ஓடும் பி.எல்.டி.சி. ஃபேன் 30. எல்.இ.டி. டியூப் 20. டி.வி. 80, 90. அடுப்படி திறந்திருக்கிற ஹால் என்றால், எரிகிற ஒரு பர்னரே 2,000 வாட்டைத் தாண்டும். அதை ஏ.சி. கணக்கில் சேர்க்கவே முடியாது. நடுவில் ஒரு கதவோ தடுப்போ போடுவது தவிர வழியில்லை.

இப்போது கூட்டுவோம். மாடியில் பத்துக்குப் பன்னிரண்டு படுக்கையறை, தட்டோட்டுக் கூரை. பத்தடிச் சுவர் மேற்கே, அதில் திரை போட்ட நாலுக்கு நாலு ஜன்னல். பன்னிரண்டடிச் சுவர் வடக்கே. மற்ற இரண்டும் உள்சுவர். இரண்டு பேர்.

கூரை 120 × 5.5 = 660
மேற்குச் சுவர் 84 × 4 = 340
வடக்குச் சுவர் 120 × 2.5 = 300
உள்சுவர்கள் 220 × 1.5 = 330
ஜன்னல் 16 × 32 = 510
புகும் காற்று 280
ஆள் இருவர் 220
ஃபேன், லைட், டி.வி. 180

மொத்தம் 2,820 வாட். டன்னில் 0.8.

ஒரு டன் ஏ.சி.யின் ஸ்டிக்கரில் 3,400 வாட் என்றால், அந்த எண் வெளியே 35, உள்ளே 27 டிகிரி என்ற சோதனை நிலையில் அளந்தது. நம்மூர் கத்திரியில் வெளியே 40, உள்ளே 25. இரண்டுக்குமாகப் பத்து சதவீதம் கழித்தால் 3,060. அப்படியும் 2,820க்கு மேலேதான் நிற்கிறது. ஒரு டன் தாராளம்.

இதே பரப்பில், தட்டோடு போடாத வெறும் தளம் என்றால் 3,360 ஆகும். ஒரு டன் மாலையில் திணறும். ஷீட் கூரை என்றால் பகலில் 3,960. மாறாக, அதே அறை கீழ்த்தளத்தில், கிழக்கே பார்த்து, மேலே ஒரு வீட்டோடு இருந்தால் 1,900 வாட்டைச் சுற்றித்தான் வரும், 0.8 டன் ஏ.சி.யே போதும். நாலு அறைக்கும் தரை 120 சதுர அடிதான். "நூறு சதுர அடிக்கு ஒரு டன்" என்ற வாய்ப்பாடு இதில் எந்த அறைக்குச் சொன்னது?

எந்த நேரத்துக்கு என்பதையும் பார்க்க வேண்டும். மேலே போட்டது மாலை 5 மணிக் கணக்கு. ராத்திரி ஒன்பதரைக்கு மேல்தான் ஏ.சி. போடுவீர்கள் என்றால் ஜன்னல் 510லிருந்து 60, 70க்கு இறங்கிவிடும், கூரையும் கொஞ்சம் தணிந்திருக்கும். மேற்குச் சுவர் மட்டும் உச்சத்தில் இருக்கும். மொத்தம் 2,200க்குள். ஆனால் பகல் முழுக்க மூடிக்கிடந்த அறையில் மெத்தை, பீரோ, சுவர் எல்லாம் சூட்டைத் தின்று வைத்திருக்கும். முதல் ஒரு மணி நேரம் ஏ.சி. அதோடுதான் மல்லுக்கட்டும். ஏழரை மணிக்கே ஜன்னலைத் திறந்து, எதிர்ப்பக்கம் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனை ஓடவிட்டு, ஒன்பதரைக்கு மூடி ஏ.சி. போட்டால் இந்த மல்லுக்கட்டு பாதியாகும். ரிமோட்டில் 18 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று நினைப்பது வீண்; சாதாரண ஏ.சி. 18க்கும் 25க்கும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும், எப்போது நிற்கும் என்பது மட்டுமே மாறும்.

கூடிப் போனால் என்ன ஆகும்

இந்த அறையில் இன்வெர்ட்டர் இல்லாத ஒன்றரை டன்னை மாட்டியாகிவிட்டது என்று வைப்போம். ஐப்பசி, மூன்று நாள் மழை. கூரை நனைந்து கிடக்கிறது, அங்கிருந்து சூடு பூஜ்யம். சுவர், ஆள், ஃபேன், புகும் காற்று எல்லாம் சேர்த்து 1,000 வாட்டைச் சுற்றித்தான் வேலை. அதில் 350 வாட்டுக்கு மேல் ஈரம். 5,000 வாட் ஏ.சி.க்கு இது மணிக்குப் பன்னிரண்டு நிமிட வேலை. மூன்று நிமிடம் ஓடும், கட் ஆஃப் ஆகும், பன்னிரண்டு நிமிடம் சும்மா இருக்கும்.

அந்த மூன்று நிமிடத்தில் இன்டோர் யூனிட்டின் குளிர்சுருள் அப்போதுதான் குளிர்ந்து, அதன் தகடுகளில் தண்ணீர் முத்து முத்தாகக் கோக்க ஆரம்பித்திருக்கும். முத்து பெருத்து வழிந்து டிரேயில் விழுந்து, பைப் வழியாக வெளியேற இன்னும் சில நிமிடம் வேண்டும். அதற்குள் கம்ப்ரசர் நின்றுவிடுகிறது. உள்ளே ஃபேன் ஓடிக்கொண்டே இருப்பதால் கோத்த தண்ணீர் மறுபடி காற்றில் ஏறி அறைக்கே திரும்பிவிடும். ரிமோட் 24 காட்டும். படுக்கை விரிப்பு நசநசக்கும், பீரோவில் பூஞ்சை வாடை வரும். புழுங்குதே என்று 20க்குக் குறைப்பார்கள். அப்போது குளிரும், கூடவே நசநசப்பும். போர்வைக்குள் வியர்ப்பது கூடிப்போன டன்னின் தெளிவான அடையாளம்.

இன்வெர்ட்டர் ஏ.சி. வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால் இந்தத் தொல்லை அதில் குறைவு. ஆனால் அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. ஒன்றரை டன் இன்வெர்ட்டர் பல மாடல்களில் 1,000, 1,500 வாட்டுக்குக் கீழே இறங்காது. அதற்குக் கீழே வேலை வந்தால் அதுவும் நின்று நின்று ஓட வேண்டியதுதான். வாங்கும்போது "இன்வெர்ட்டரா?" என்று கேட்பதோடு விடாமல், குறைந்தபட்சத் திறன் எத்தனை வாட் என்று விவரத்தாளில் பாருங்கள்.

ஈரம் உண்மையில் வெளியே போகிறதா என்று பார்க்க ஒரு எளிய சோதனை: மழைநாள் ராத்திரி டிரெய்ன் பைப்பின் அடியில் ஒரு அளவுக் குவளையை வைத்து ஒரு மணி நேரம் பிடியுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் என்றால் அந்த மணி நேரத்தில் 680 வாட் அளவு வேலை ஈரத்துக்கு நடந்திருக்கிறது. அரை லிட்டர் வந்தாலே இந்த அறைக்குப் போதுமானது. ஏ.சி. ஓடியும் குவளை காய்ந்தே இருந்தால் மேலே சொன்ன கதைதான். பைப் அடைத்திருந்தாலும் தண்ணீர் வராது. ஆனால் அப்போது அது சுவரில் வழிந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும்.

டன்னுக்கு முன்னால் செலவழிக்க வேண்டிய இடம்

மேலே கூட்டிய 2,820ல் கூரைக்கு வெள்ளை அடித்தால் 300 குறைகிறது. மேற்கு ஜன்னலுக்குத் தட்டி கட்டினால் 270. இரண்டும் சேர்ந்து 2,250க்கு வந்துவிடும். ஒரு டன் வாங்க வேண்டிய இடத்தில் 0.8 டன் நிற்கிறது. அல்லது அதே ஒரு டன் மெதுவாக, கரண்ட் மிச்சமாக ஓடுகிறது. மின்வாரியக் கணக்கில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் அதற்கு முந்தைய யூனிட்டுகளின் விலையும் ஏறிவிடுவதால், கோடையில் இந்தக் குறைவு பில்லில் நன்றாகவே தெரியும்.

வெள்ளை அடிக்கப் பங்குனியே சரியான மாதம். முதலில் பாசியைக் கம்பித் துடைப்பத்தால் சுரண்டி, கழுவி, காயவிட வேண்டும். பாசி மேல் அடித்த எந்தப் பெயிண்ட்டும் ஒரு மழை தாங்காது. சுண்ணாம்பு அடித்தால் செலவு குறைவு, ஆனால் ஒரு வருடம்தான். தூசி படிந்து சாம்பல் நிறமானதும் பலன் பாதியாகும். குளிர்பெயிண்ட் என்று விற்பதும் தூசிக்கு விலக்கில்லை. சித்திரையில் ஒருமுறை கழுவிவிட்டால் மீண்டும் வேலை செய்யும். பச்சை வலை கட்டுவதானால் ஆள் நிற்கிற உயரத்துக்குக் கம்பம் நட்டுக் கட்டுங்கள். தரையோடு விரித்த வலை தானும் சூடாகித் தளத்தையும் சூடாக்கும்.

ஃபால்ஸ் சீலிங் போட்டால் குளிரும் என்று நம்பி நிறையப் பணம் போகிறது. வெறும் ஜிப்சம் பலகை, கூரைச் சூட்டில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தடுக்கும். அதன் முதுகில் இரண்டு இன்ச் கண்ணாடிக் கம்பளி விரித்தால்தான் உருப்படியான பலன். தெர்மாகோலை மட்டும் வைக்காதீர்கள். ஒயர் ஓடுகிற இடத்தில் அது தீக்கு எண்ணெய்.

அவுட்டோர் யூனிட் வைக்கும் இடமும் டன்னைத் தின்னும். செல்லூர், வில்லாபுரம் மாதிரி நெருக்கமான இடங்களில் இரண்டு வீட்டுக்கு நடுவே மூன்றடிச் சந்துதான் இருக்கும். அதில் மாட்டினால் அது துப்புகிற அனல் எதிர்ச்சுவரில் மோதி, அதற்கே திரும்பி வரும். வெளியே 39 என்றாலும் அது இழுக்கிற காற்று 47, 48 ஆகிவிடும். திறன் பத்து சதவீதம் வரை குறையும், கரண்ட் கூடும். சில மெஷின் கம்ப்ரசரைக் காப்பாற்றத் தானாகவே நின்றுவிடும். இந்த நிலையில்தான் "டன் பத்தலை" என்று பெரியதை மாட்டுகிறார்கள். பெரியது இன்னும் அதிக அனலைத் துப்பும். ஸ்டாண்ட் போட்டு மொட்டை மாடிக்கு ஏற்றி, மேலே ஒரு நிழல் கொடுத்து, முன்பக்கம் தடையில்லாமல் விடுவதே இதற்கு வழி. காப்பர் பைப் நீளம் ஐந்து மீட்டரைத் தாண்டினால் எத்தனை கிராம் கேஸ் கூடுதலாக ஏற்ற வேண்டும் என்பது மாடலின் கையேட்டில் இருக்கும். அதை எடை மெஷின் வைத்து ஏற்றச் சொல்லுங்கள். கையால் தொட்டுப் பார்த்து ஏற்றுவது இப்போதைய ஏ.சி.களில் வரும் ஆர்-32 கேஸுக்கு ஆகாது.

ஆள் கூட்டம் உள்ள இடத்துக்கு இந்தக் கணக்கு தலைகீழாகும். இருநூறு சதுர அடி டியூஷன் அறையில் இருபது பிள்ளைகள் என்றால் ஆள் சூடே 2,200 வாட். மூச்சுமுட்டாமல் இருக்க வெளிக்காற்று விட வேண்டும். ஆளுக்கு விநாடிக்கு ஐந்து லிட்டர் என்று விட்டாலே இன்னொரு 3,000 வாட். கூரையைச் சேர்க்கும் முன்பே ஏறக்குறைய ஒன்றரை டன் ஆகிவிட்டது. அங்கே இரண்டு டன் ஒன்றைவிட, ஒரு டன் இரண்டாகப் போடுவது நல்லது. கூட்டம் இல்லாத நேரத்தில் ஒன்றை நிறுத்திவிடலாம்.

ஏர் கூலரைப் பற்றி ஒரு வார்த்தை. கத்திரி மதியத்தில், காற்று காய்ந்திருக்கும்போது 38 டிகிரியை 28, 29க்கு இறக்கும். ஜன்னல் திறந்திருக்க வேண்டும். ஐப்பசியில் அது ஈரத்தை ஊதும் ஃபேன் மட்டுமே. உப்புத் தண்ணீர் ஊற்றினால் ஒரே கோடையில் பேடு கல்லாகிவிடும். ஏ.சி.யோடு சேர்த்து ஓட்டவே கூடாது. கொடைக்கானலில் அறை எடுத்து ஹீட்டர் கணக்குப் போடுகிறவர்களுக்கு இதே முறைதான். ஆளும் லைட்டும் அங்கே கூட்டலில் வராது, கழித்தலில் வரும்.

ஏற்கெனவே மாட்டியிருக்கும் ஏ.சி. சரியான அளவா என்று பார்க்க டேப் கூட வேண்டாம். கத்திரியில் ஒரு நாள், பிற்பகல் 3 மணிக்கே 25ல் வைத்துக் கதவைச் சாத்திவிடுங்கள். 4லிருந்து 5 வரை அவுட்டோர் யூனிட் சத்தத்தைக் கேட்டு, கம்ப்ரசர் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று குறியுங்கள். 45லிருந்து 55 நிமிடம் என்றால் அளவு கச்சிதம். 25 நிமிடத்துக்குள் என்றால் அறைக்கு வேண்டியதைப்போல் இரண்டு மடங்கு மாட்டியிருக்கிறீர்கள். ஒரு மணி நேரமும் நிற்காமல் ஓடியும் 28லேயே நின்றால், உடனே பெரியதைத் தேடிப் போக வேண்டாம்: இன்டோர் ஃபில்டரைக் கழுவி, அவுட்டோர் யூனிட்டின் தகடுகளில் அப்பியிருக்கும் தூசியைத் தண்ணீர் அடித்துப் போக்கிவிட்டு, ஒரு தெர்மாமீட்டரால் யூனிட் உள்ளே இழுக்கும் காற்றையும் வெளியே விடும் காற்றையும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 8லிருந்து 12 டிகிரி இருந்தால் மெஷின் நன்றாக இருக்கிறது, அறைதான் பெரிது. 8க்குக் கீழே என்றால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு கேஸ் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். இன்வெர்ட்டர் என்றால் சத்தத்தை வைத்து எண்ண முடியாது. வீட்டில் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, 4 மணிக்கும் 5 மணிக்கும் ஈ.பி. மீட்டரைப் படித்து, வித்தியாசத்தை ஸ்டிக்கரில் உள்ள முழுத்திறன் மின் அளவோடு ஒப்பிட்டால் அதே விடை வரும்.